குப்பத்தில் இறங்கிய முகவீணை

சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் பயணிகள் வண்டியில் அமர்ந்தால், ஒரே காலைப்பொழுதில் மூன்று மாநிலங்களைக் கண்டுவிடலாம். பச்சூர் தமிழ்நாட்டில், குப்பம் ஆந்திரத்தில், பங்காருப்பேட்டை கருநாடகத்தில். 1911இல் சித்தூர் மாவட்டம் அமையும் வரை குப்பம் வட ஆற்காட்டுடன் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, மாவட்டத்தோடு அதுவும் அங்கே சேர்ந்தது. ஆயினும் அதன் கடைவீதியில் இன்றும் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தே ஒலிக்கின்றன. திராவிடப் பல்கலைக்கழகம் 1997இல் அவ்வூரில் நிறுவப்பட்டதும் பொருத்தமே.

சென்ற வைகாசியில் உறவினர் ஒருவரைக் காண அங்கே இறங்கினோம். அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில், தர்மராஜா கோயிலில் பாரதத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து. அருச்சுனன் தவத்தன்று வேடமிட்டவர் பாடிக்கொண்டே நெடிய கம்பத்தில் ஏறுவார்; கடைசி நாளில் மண்ணாலான துரியோதனன் உருவத்தின் தொடை பிளக்கப்படும்; மாலையில் தீமிதி. வெளிமாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்கு இவை இளமையின் நினைவுகள்.

தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருந்த முதியவர், மடியில் துணிப்பை ஒன்றை வைத்திருந்தார். உள்ளே முகவீணை. நாகசுரத்தின் தம்பி என்று அதைச் சொல்லலாம். சாண் அளவுக்குச் சற்று மேல் நீளம், சீவாளி வைத்து ஊதுவது. திரைக்குப் பின்னிருந்து வேடக்காரர் வெளிப்படும் வேளையில், மத்தளத்தையும் தாளத்தையும் மீறி ஊர் எல்லை வரை கேட்கும் கூர்மை அதற்கு உண்டு.

செய்யாற்றுப் பக்கத்தவர், ஐம்பது ஆண்டுகளாக ஊதுகிறார். தமிழ்க் கூத்துக்கும் ஊதுவார், தெலுங்கு வீதி நாடகத்துக்கும் ஊதுவார். எல்லையோர ஊர்களில் கட்டியங்காரன் ஒரு நகைச்சுவையைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பானாம். இரு பக்கத்தாரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்களாம். ஒரு சுற்றறிக்கையை மூன்று நாள் மொழிபெயர்த்து, அதையும் எவருக்கும் விளங்காமல் செய்துவிடும் நமக்கு, இதைக் கேட்கச் சற்று நாணமாகத்தான் இருந்தது.

வருமானத்தைப் பற்றி வினவினோம். முன்பணம் போக வரும் தொகையைக் குழுவினர் பங்கு பிரித்துக்கொள்வர்; வேடக்காரருக்கு முழுப் பங்கு, இவருக்கு முக்கால். நள்ளிரவில் எவரேனும் பெயர் சொல்லி அளிக்கும் அன்பளிப்பு தனி. மழை தொடங்கிவிட்டால் கூத்து இல்லை. இவ்வாண்டு அதுவும் குறைந்தது. ஆர்மோனியமும் மின்விசைப் பெட்டியும் போதும் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். பதினெட்டு இரவில் நான்குக்கு மட்டுமே இவரை அழைத்தார்கள்.

“பிறகு ஏன் இங்கேயே தங்கியிருக்கிறீர்கள், பெரியவரே?” என்றோம்.

“நண்பர் விடவில்லை, ஐயா,” என்றார்.

நண்பர் அவ்வூரில் பட்டுப்புழு வளர்க்கும் தெலுங்கர். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மழையிரவில் தம் வீட்டுத் திண்ணையை ஒழித்துத் தந்தவர். அன்று முதல் இப்பக்கம் கூத்து என்றால் இவருக்குச் சோறும் பாயும் அங்கேதான். இப்படி வழிநெடுக வீடுகள் உண்டு: ஆம்பூரில் ஒரு தையற்காரர், வாணியம்பாடியில் ஒரு பீடிக்கடைக்காரர். அந்த வீடுகள் இல்லையேல் முக்கால் பங்கில் ஒரு வாரங்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது என்று அவரே கணக்குச் சொன்னார். கலைக்கு அரசின் ஆதரவு போதுமா என்று கட்டுரை எழுதுவோர் இத்திண்ணைகளைக் கணக்கில் சேர்ப்பதாகத் தெரியவில்லை.

மாணவர் உண்டா என்று கேட்டோம். தலையசைத்து மறுத்தார். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலம் 2002இல் தொடங்கிப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடத்தோடு கூத்தும் கற்பித்தது. பேரனை அங்கே சேர்க்க எண்ணியிருந்தாராம். மகன் இசையவில்லை, குருகுலமும் 2020இல் நின்றது. பேரன் இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறான். “அவன் செய்தது சரிதான், ஐயா. மாதம் பிறந்தால் சம்பளம்,” என்றார். குரலில் கசப்பு இல்லை. பையின் முடிச்சை மட்டும் இருமுறை அவிழ்த்துக் கட்டினார்.

மறுநாள் குப்பம் நிலையத்தில் அவரை மீண்டும் கண்டோம். பட்டுப்புழு நண்பர் ஒரு பொட்டலம் புளிச்சோற்றுடன் வழியனுப்ப வந்திருந்தார். ஊர் திரும்புகிறார் என்றெண்ணினோம். அவரோ எதிர்த்திசை வண்டிக்குச் சீட்டு வாங்கியிருந்தார். கோலார் தங்கவயலுக்கு! அங்கே சுரங்க வேலைக்குச் சென்று குடியேறிய தமிழரிடையே இவர் தந்தையும் இவரும் பல இரவுகள் ஊதியவர்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் கூத்து அழைப்பும் நின்றது. ஆயினும், அங்கே பணியாற்றி ஓய்ந்த ஒரு நண்பர், நடமாட முடியாமல் வீட்டோடு இருக்கிறாராம்.

“அங்கே ஏதும் நிகழ்ச்சி உண்டா?”

“இல்லை, ஐயா. அருச்சுனன் தவத்தை ஒருமுறை கேட்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.”

வண்டி வந்தது. அவர் முதலில் துணிப்பையைச் சன்னல் வழியே இருக்கையில் வைத்தார், பிறகு ஏறினார்.