அடிக்குரல் தந்த சிறு கருவி

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் சிறுவர் இசைக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)

 

மேடையேறிப் பேசுவது எங்களுக்குப் பழக்கமில்லாத காரியம். சிறுவர் இசைக் குழுவை நடத்தி வருகின்ற நாங்கள் மூவர். ஒருவர் பணிமனைத் தொழிலாளி, ஒருவர் இல்லத்தரசி, மற்றொருவர் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. இப்பொழுது உங்கள் முன் நிற்பவர் அந்தக் குமாஸ்தாதான். மெட்ரிக் படிப்பைத் தாண்டியவர் எங்களில் எவருமில்லை. சங்கீதத்தைக் குருமுகமாகக் கற்றவரும் இல்லை. ஆயினும் சென்ற ஆண்டு இக்காலனியில் 32 வீடுகளின் கதவைத் தட்டி, வீட்டுக்கு 500 ரூபாய் வீதம் 16,000 ரூபாய் பெற்று ஓர் இசைக்கருவி வாங்கினோம். அந்தப் பணத்திற்குக் கணக்கு ஒப்புவிப்பது எங்கள் கடமை. ரசீதுகளைப் பொருளாளரிடம் சேர்த்துவிட்டோம். ரசீதில் எழுத இடமில்லாத கணக்கை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

நாகபுரியில் நம் காலனியின் நிலையை நீங்கள் அறிவீர்கள். ஓய்வு பெற்றோர் ஊர் திரும்புகின்றனர். மற்றவர்கள் மாற்றலாகிச் செல்கின்றனர். பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் பேசுகிறார்கள். ஞாயிறுதோறும் இக்கூடத்தில் கூடித் தமிழ்ப் பாட்டுப் பாடும் இரண்டு மணி நேரமே அவர்களில் பலருக்கு வீட்டுக்கு வெளியே தமிழ் கேட்கும் நேரமாக இருக்கின்றது. அவர்கள் கையில் ஏழு யுகுலேலேக்கள் உண்டு. நான்கு நைலான் தந்திகளையுடைய அச்சிறு கருவி விலை குறைந்தது. குழந்தையின் மடிக்கு அடங்குவது. ஆனால் ஏழும் சேர்ந்து ஒலித்தபொழுது ஒரே கிண்கிணி ஓசையாக இருந்ததேயன்றிப் பாட்டுக்கு ஊன்றுகோலாக அமையவில்லை. சென்ற ஆண்டு விழா முடிந்ததும், மிருதங்கம் வாசிக்கும் நமது ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர் ஐயா எங்களை அழைத்து, “தம்பி, பாட்டு இருக்கிறது, தாளம் இருக்கிறது, நிற்கத் தரை இல்லையே” என்றார். அந்தச் சொல்லே எங்களைத் தூண்டியது.

தரையாக நிற்கும் குரலை மேனாட்டு இசையில் பாஸ் என்பர். அதற்குரிய பெரிய மரக்கருவி ஆளுயரம் இருக்கும். அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட மின்சார பாஸ் கிதாரில்கூடத் தந்தியின் நீளம் 34 அங்குலம். அதன் மெட்டுகளை எட்டிப் பிடிக்க நம் பிள்ளைகளின் விரல் போதாது. இந்நிலையில்தான் யுகுலேலே அளவிலேயே பாஸ் ஒன்று உண்டு என்பதை அறிந்தோம்.

யுகுலேலேயின் வரலாறு நம்மைப் போன்றோருக்கு உரியது. 1879-ஆம் ஆண்டு ‘ராவன்ஸ்கிராக்’ என்னும் கப்பலில் மடேராத் தீவிலிருந்து போர்த்துகீசியக் குடும்பங்கள் பிழைப்பு நாடி ஹவாய்த் தீவுகளுக்குச் சென்றன. அவர்களுள் மனுவேல் நூனெஸ், அகஸ்டோ டயஸ், ஜோசே டோ எஸ்பிரிடோ சாண்டோ என்னும் மரவேலைக்காரர் மூவர் தம் ஊரின் சிறு கிதாரைப் புதிய மண்ணின் மரத்தில் செய்யத் தொடங்கினர். அதுவே யுகுலேலே ஆயிற்று. பிழைக்கப் போன இடத்தில் ஊர்ப்பாட்டை விடாமல் வைத்திருந்தவர்களின் கைவேலை அது.

அத்தகைய சிற்றுடலில் மந்தர ஸ்தாயியை எப்படி அடக்குவது? தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் குரல் ஒரு ஸ்தாயி ஏறிவிடும். ஏறாமலிருக்க வேண்டுமாயின் தந்தியைத் தளர்த்த வேண்டும். அல்லது கனமாக்க வேண்டும். எஃகுத் தந்தியை அவ்வளவு தளர்த்தினால் மெட்டுகளில் மோதி இரையும். 1980-களின் நடுவில் இங்கிலாந்தைச் சேர்ந்த அலுன் ஆஷ்வர்த் ஜோன்ஸ், நைஜல் தார்ன்பரி என்னும் இருவர் சிலிக்கோன் ரப்பரால் தந்தி செய்து, 18 அங்குல நீளத்திலேயே ஆழ்ந்த குரலை வரவழைத்தனர். பின்னர் அமெரிக்கரான ஓவன் ஹோல்ட் என்பவர் பாலியூரித்தேன் தந்திகளை யுகுலேலே போன்ற மர உடலில் பூட்டினார். கலா என்னும் நிறுவனம் அதனை ‘யு-பாஸ்’ என்ற பெயரில் பரப்பிற்று. நாங்கள் வாங்கியது அவ்வகையைச் சேர்ந்த மலிவான கருவியொன்று. தந்தியின் நீளம் 20 அங்குலத்துக்குச் சற்று அதிகம். தந்திகளோ மின்சாரக் கம்பிபோல் தடித்தவை. ஆயினும் தடித்த தந்தி வினாடிக்கு 41 முறை அதிர்ந்து, பெரிய பாஸ் கிதாரின் அதே குரலில் பேசுகின்றது.

பேசுகின்றது என்று இன்று சொல்கிறோம். மே மாதத்தில் பெட்டியைத் திறந்த நாளில் அது பேசவில்லை, முனகிற்று. சுருதி கூட்டி முடிப்பதற்குள் முதல் தந்தி இறங்கிவிடும். ஒரு மெட்டில் இரைச்சல்; ஒரு தந்தியில் குரலே இல்லை. இரண்டு ஞாயிறு பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினோம். இரண்டு மாதம் அது வெளியே வரவில்லை. “காலனிக் காசில் பொம்மை வாங்கினீர்களா?” என்று ஒருவர் கேட்டார். அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. 500 ரூபாய் கொடுத்தவர்களுள் ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டிகளும் இருந்தனர் என்பதை நினைக்கையில் உறக்கம் வரவில்லை.

பின்னர் ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்கி, கணக்கு எழுதுவதுபோல் ஒவ்வொரு குறையையும் தனித்தனியே எழுதி ஆராயத் தொடங்கினோம். நாங்கள் கற்றவற்றுள் சிலவற்றை, வீட்டில் இத்தகைய கருவி வைத்திருப்போருக்கும் பயன்படுமென்று கூறுகிறோம்.

முதலாவது, சுருதி இறங்கியது கருவியின் குற்றமன்று. ரப்பர் போன்ற இத்தந்தி புதிதாக இருக்கையில் நீண்டுகொண்டே போகும். அதைப் பிருடையில் பல சுற்றுச் சுற்றலாகாது. கையால் நன்றாக இழுத்துப் பிடித்து, சுற்றுகள் குறையுமாறு பூட்ட வேண்டும். அதன்பின் நாள்தோறும் காலையும் மாலையும் சுருதி கூட்டி வந்தோம். இரண்டு வாரத்தில் தந்தி அடங்கிற்று. சுருதி காட்டும் சிறு மின்கருவி அடிக்குரலை உணராமல் தடுமாறியபொழுது, பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டினோம். மணிபோல் எழும் அந்த மேல்நாதத்தை அது உடனே காட்டிற்று.

இரண்டாவது, குரலற்ற தந்தி. அது முழுக்க எங்கள் பிழை. குதிரையின்மேல் தந்தி அமரும் வெள்ளைப் பட்டையைத் தாழ்த்த எண்ணி, கையில் பிடித்தே உப்புத்தாளால் தேய்த்தோம். பட்டையின் அடிப்பாகம் வளைந்துவிட்டது. அப்பட்டையின் கீழேதான் அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ நாடா இருக்கின்றது. அழுத்தினால் மின்னோட்டம் தரும் படிகங்களின் இயல்பை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர், அதே தத்துவம். பட்டை எல்லா இடத்தும் ஒரே சீராக அமர்ந்தால்தான் நான்கு தந்திகளும் ஒரே அளவில் ஒலிக்கும். வேறொரு பட்டை வரவழைத்து, கண்ணாடித் தட்டின்மேல் உப்புத்தாளை விரித்து, பட்டையை நேராக நிறுத்தித் தேய்த்தோம். பட்டையில் ஒரு மில்லி மீட்டர் குறைத்தால் பன்னிரண்டாம் மெட்டில் தந்தி அரை மில்லி மீட்டர்தான் தாழும். ஆகையால் பதற்றமின்றிச் சிறிது சிறிதாக அளந்தோம். பணிமனை நண்பரின் அளவுகோல் கை கொடுத்தது. 3 மில்லி மீட்டர் உயரத்தில் இரைச்சல் நின்றது.

மூன்றாவது, நம் ஊர் வெயில். மே மாத வறட்சியில் மரம் சுருங்கி மேற்பலகை தாழ்கிறது. தந்தி மெட்டோடு உரசுகிறது. மழைக்காலத்தில் பலகை உப்பித் தந்தி உயர்கிறது. ஆகவே கோடையில் கண்டதை வைத்து ஆடியில் தேய்க்கலாகாது. கோடையில் கருவியைப் பெட்டியிலேயே வைத்து, துளையிட்ட சோப்புப் பெட்டியில் ஈரப்பஞ்சு வைக்கிறோம். இன்னும் இரண்டு எச்சரிக்கைகள்: பெரிய பாஸ் கிதாரின் எஃகுத் தந்திகளை இதில் பூட்டினால் குதிரையே பெயர்ந்துவிடக்கூடும், வாசித்து முடித்ததும் ஒலிக்கம்பியைக் கழற்றாவிடில் உள்ளிருக்கும் மின்கலம் வீணாகும்.

கருவி சீரானபின் வாசிப்பவர் வேண்டுமல்லவா? எங்கள் குழுவில் பின்வரிசையில் நின்று வாய் திறவாத சிறுமி ஒருத்தி உண்டு. பாயிண்ட்ஸ்மேன் ஒருவரின் மகள். தமிழ் உச்சரிப்புப் பிழைபடுமோ என்னும் கூச்சம் அவளுக்கு. அவளிடம் கொடுத்தோம். முதலில் நாங்கள் எல்லோரும் செய்த தவற்றையே அவளும் செய்தாள். குரல் வரவில்லையென்று பலமாக இழுத்தாள், அழுத்திப் பிடித்தாள். தளர்ந்த தந்தியை அழுத்தினாலும் பக்கவாட்டில் தள்ளினாலும் சுருதி ஏறிவிடும். ஒரு மாலை அவளே வந்து, “அடித்தால் அழுகிறது மாமா, தொட்டால் பேசுகிறது” என்றாள். விரல்நுனிச் சதையால், தண்டியின் முடிவை ஒட்டி மெல்ல மீட்டுவதும், மீட்டாத தந்திகளை மற்ற விரல்களால் ஓய்த்து வைப்பதும் அவள் தானே கண்டுகொண்டவை. விரல் ஒட்டாதிருக்கச் சிறிது முகப்பவுடரும் பூசிக்கொள்கிறாள்.

எதை வாசிப்பது என்பதும் எளிதாயிற்று. நான்கு தந்திகளும், ஒன்றற்கு அடுத்தது மத்திமமாக அமையுமாறு சுருதி கூட்டப்பெற்றவை. நம் சிறுமியர் பாடுவது 6 கட்டைச் சுருதி. அதற்கு மூன்றாம் தந்தி ஷட்ஜம். இரண்டாம் தந்தி மத்திமம். தடித்த நான்காம் தந்தி கீழ்ப் பஞ்சமம். மெட்டில் விரலே வைக்காமல் ஸ, ம, ப மூன்றும் கிடைத்துவிடுகின்றன. கும்மிக்கும் தாலாட்டுக்கும் நாட்டுப்பாடலுக்கும் தொடங்க இவையே போதும். கர்நாடக சங்கீதத்துக்குத் தம்பூரா இருக்கிறது. அங்கே நாங்கள் கைவைக்கவில்லை.

நவராத்திரியில் முதன்முதல் மேடையேற்றினோம். அன்று ஒருவர் காதிலும் அது விழவில்லை! கூம்பு ஒலிபெருக்கியில் இணைத்திருந்தோம். கூம்பு பேச்சுக்கு ஏற்றது. இத்தனை தாழ்ந்த அதிர்வு அதில் எழாது. கண்ணீருடன் நின்ற சிறுமியிடம் குற்றம் எங்களுடையதென்று சொல்லித் தேற்றினோம். இன்று 12 அங்குல ஒலிபெருக்கியொன்றை இரவல் பெற்று, கருவிக்கு எதிரே பாராதபடி வைத்திருக்கிறோம். எதிரே வைத்தால் உட்குடைவான உடல் அதிர்ந்து ஊளையிடும்.

பெரியோர்களே! இதுவே எங்கள் கணக்கு. 16,000 ரூபாய்க்கு ஒரு கருவி வந்தது. வாய் திறவாத ஒரு பெண், தன்மீது ஏழு யுகுலேலேக்களும் பதினைந்து குரல்களும் நிற்கின்றன என்பதை அறிந்து நிமிர்ந்து நிற்கின்றாள். சென்ற மாதம் முதல் மெல்லப் பாடவும் செய்கின்றாள்.

ஆனால் அடுத்த ஆண்டு அவள் மேற்படிப்புக்கு வேறூர் செல்லலாம். எங்கள் மூவருக்கும் எப்பொழுது வேண்டுமாயினும் மாற்றல் உத்தரவு வரலாம். ரயில்வேக் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கருவி மறுபடியும் அலமாரிக்குப் போகலாகாது. ஆகையால் அளவுகள், பிழைகள், திருத்தங்கள் யாவும் எழுதிய அந்த நோட்டைச் சங்க நூலகத்தில் ஒப்படைக்கிறோம். இரண்டு குழந்தைகளையேனும் வரும் ஞாயிறு அனுப்பி வையுங்கள். அவளே கற்றுத்தர இசைந்திருக்கிறாள்.

சற்று நேரத்தில் பிள்ளைகள் பாடுவார்கள். சிறிய பாஸ் எங்கே ஒலிக்கிறது என்று தேடிச் சிரமப்பட வேண்டாம். மூன்றாம் பாட்டின் நடுவில் ஓர் அடிக்கு அவளைக் கைநிறுத்தச் சொல்லியிருக்கிறோம். அப்பொழுது உங்களுக்கே தெரியும்.