பம்பின் அடியில் ஒரு துளை



இன்று நான் பேச வந்தது ஒரு பழைய தண்ணீர் லாரியின் வாட்டர் பம்பைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் இது என்ன பேச்சு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த பம்ப் கெட்டுப்போனதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அது பெருமைப்படும்படியான பங்கு அல்ல.

2019 கோடையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஜூன் மாதத்தில் ஏறத்தாழ வறண்டு கிடந்தன. நான் அப்போது செம்பாக்கத்தில் பங்குப் பணியில் இருந்தேன். செம்பாக்கம் ஏரி உள்ள ஊர்தான். மழைக்காலத்தில் ஓர் ஏரியின் உபரி நீர் அடுத்த ஏரிக்கு இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சேரும்படி நம் முன்னோர் அமைத்த வரிசையில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த ஆண்டு எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரைப் போட்டால் காற்றுதான் வந்தது. வேளச்சேரி - தாம்பரம் சாலையில் இரவும் பகலும் தண்ணீர் லாரிகள் ஓடின.

எங்கள் தெருவுக்கும் பங்கு இல்லத்துக்கும் தண்ணீர் கொண்டுவந்த லாரி ஒரு பழைய டாடா. முதலாளியும் ஓட்டுநரும் ஒருவரே. கூட ஒரு கிளீனர் தம்பி, பத்தொன்பது வயது. அகரம்தென் பக்கத்து வயல் கிணற்றில் நிரப்பிக்கொண்டு ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு நடை அடிப்பார்கள். ஒரு நடைக்கு 9,000 லிட்டர்.

ஜூலை மாதத் தொடக்கத்தில், லாரி நின்றுபோன இடத்தில் எல்லாம் ஆலய முற்றத்தில் ஒரு கறை. துருவும் கிரீஸும் கலந்த தண்ணீர். அந்தத் தம்பிதான் முதலில் சொன்னான்: "அண்ணே, பம்புக்கு அடியில சொட்டுது." ஓட்டுநர், "சீசன் முடியட்டும்டா, பாத்துக்கலாம்" என்றார். எனக்கோ வேறு கவலை. புனித கிறிஸ்டோபர் நாளை ஒட்டி ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வாகனங்களை மந்திரிக்க ஏற்பாடு செய்திருந்தோம். முற்றத்துக்கு அப்போதுதான் புதிதாகக் கல் பதித்திருந்தார்கள். நான் ஓட்டுநரைக் கூப்பிட்டு, "அன்றைக்காவது சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மக்கள் வழுக்கி விழப்போகிறார்கள்" என்றேன். வழுக்கி விழுவதைப் பற்றிச் சொன்னேனே தவிர, என் மனதில் இருந்தது புதுக் கல்.

அவர் மரியாதை தெரிந்த மனிதர். சொன்னபடியே செய்தார். ஞாயிறன்று லாரி மாலை போட்டு வந்து நின்றது. ஒரு சொட்டு விழவில்லை. நானும் தீர்த்தம் தெளித்து மந்திரித்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள், கேம்ப் ரோடு சிக்னலுக்குச் சற்று முன்னால் என்ஜினிலிருந்து ஒரு கிறீச்சிட்ட சத்தம், பிறகு ரப்பர் கருகிய வாசனை, பிறகு ஆவி. வெப்பம் காட்டும் முள் பல வருடமாகவே செத்துக் கிடந்தது. பதற்றத்தில் அந்தத் தம்பி ஒரு துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினான். கொதிக்கும் நீர் முழங்கை வரை அடித்தது.

நேயர்களே, இதை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே நீர் அழுத்தத்தில் இருக்கிறது. அதனால் நூறு டிகிரியைத் தாண்டியும் அது கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி தளர்ந்த கணம் அது பொங்கும். என்ஜினை நிறுத்திவிட்டு, கையால் தொடும் சூடு வரும்வரை காத்திருங்கள். அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

ஓட்டுநர் ஒரு நல்ல காரியம் செய்தார். டேங்கின் வால்வைத் திறந்து, அந்தக் கையை ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்துக்கொண்டே இருந்தார். மருத்துவமனையில் டாக்டர் அதைத்தான் பாராட்டினாராம். முதுகில் 9,000 லிட்டரைச் சுமந்த வண்டி, இரண்டு குடத்துக்குள் அடங்குகிற தண்ணீர் ஓடாததால் நடுத்தெருவில் நின்றது.

மறுநாள் நான் பட்டறைக்குப் போனேன். குற்ற உணர்ச்சி என்று அப்போது எனக்குத் தெரியாது. தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கத்தான் போனேன். பட்டறைக்காரரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவார்கள். அறுபது வயது இருக்கும். என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, டீ வரவழைத்து, வேலையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினார்.

எரிகிற டீசலின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் வண்டியை ஓட்டுகிறது. மீதியில் பெரும்பகுதி புகையோடு போகிறது. இன்னொரு பெரும்பகுதியைத் தண்ணீர் சுமந்து ரேடியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தத் தண்ணீரைச் சுழலவைப்பது பம்ப். பெல்ட் புல்லியைச் சுற்றுகிறது. புல்லி ஷாஃப்டைச் சுற்றுகிறது. ஷாஃப்டின் மறுமுனையில் இம்பெல்லர். நடுவில் ஷாஃப்டைத் தாங்க பேரிங்குகள். தண்ணீர் அவற்றைத் தொடாமலிருக்க ஒரு சீல். அந்த சீலுக்கும் பேரிங்குக்கும் இடையில், பம்பின் அடிப்பக்கத்தில், சுண்டுவிரல் நுனிகூட நுழையாத ஒரு துளை விட்டிருப்பார்கள்.

"இதுக்கு வீப் ஹோல்னு பேரு ஃபாதர். அழுவுற ஓட்டை. சீல் போச்சுன்னா தண்ணி பேரிங் பக்கம் போவாம இது வழியா வெளிய வந்துடும். பம்பு நம்மகிட்ட பேசுற வாய் இதுதான்" என்றார் பாய். ஒரு ஸ்க்ரூடிரைவரால் அந்த இடத்தைச் சுரண்டினார். துளையை எம்சீல் வைத்து அடைத்திருந்தது.

ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.

பாய் அதோடு விடவில்லை. புல்லியைப் புல்லர் வைத்துக் கழற்றினார். "சுத்தியல்ல தட்டுனா வார்ப்பு இரும்பு, உடைஞ்சிடும்" என்றார். கழற்றிய புல்லியின் பள்ளத்தை வெளிச்சத்தில் காட்டினார். அடி பளபளவென்று மின்னியது. பெல்ட் பள்ளத்தின் இரு பக்கச் சுவர்களைத்தான் கவ்விப் பிடிக்க வேண்டும். அடியைத் தொடவே கூடாது. சுவர்கள் தேய்ந்துபோனதால் பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்கியிருக்கிறது. வழுக்கினால் சத்தம். சத்தம் வந்தபோதெல்லாம் ஓட்டுநர் பெல்ட்டை இறுக்கியிருக்கிறார். இறுக்க இறுக்க பேரிங்கில் சுமை. பேரிங் ஆடியது, ஷாஃப்ட் ஆடியது, சீல் கிழிந்தது, சொட்டியது. அதுவரை எல்லாம் ஐந்து மாதமாக மெதுவாக நடந்தது. துளையை அடைத்த பிறகு மூன்றே நாள். தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்து, கிரீஸைக் கழுவி, பம்ப் இறுகி நின்றுவிட்டது.

புதுப் புல்லி, பேரிங்குகள், சீல், கேஸ்கட், பெல்ட். ரேடியேட்டருக்குச் சேதமில்லை, ஹெட்டும் தப்பியது. சொட்டிய அன்றே பார்த்திருந்தால் செலவு இதில் பாதிகூட ஆகியிருக்காது, ஒரே நாள் வேலை. இப்போது நான்கு நாள். எங்கள் தெருப் பெண்கள் அந்த நான்கு நாளும் குடங்களோடு ராஜகீழ்ப்பாக்கம் வரை நடந்தார்கள். தம்பிக்கு மூன்று வாரம் சம்பளம் இல்லை. அதைப் பிறகு எப்படியோ ஈடுசெய்தோம், அது வேறு கதை.

அன்பார்ந்தவர்களே, அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் ஒரு தாய். மார்பில் கட்டி இருப்பது தெரிந்தும், மகளின் கல்யாணம் முடியட்டும் என்று எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தவர். வீட்டில் ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். "நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் இது என்ன பேச்சு" என்று கணவர் சொன்னாராம். அவர் கெட்ட மனிதர் அல்ல. புதுக் கல் பதித்த முற்றத்தைப் பற்றிக் கவலைப்பட்ட நானும் அந்த வகைதான். விருந்தாளி முன்னால் அழாதே என்று பிள்ளையிடம் சொல்கிறோம். பங்குப் பேரவையில் கணக்குக் கேட்கிறவரை, சமாதானத்தைக் கெடுக்கிறவர் என்கிறோம். சொட்டு நின்றுவிட்டால் பம்ப் சரியாகிவிட்டது என்று நம்பிக்கொள்கிறோம்.

அன்று மாலை அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். கையில் கட்டு. அவன் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்குக் கூச்சம். "நீங்க என்ன ஃபாதர் பண்ணீங்க, மூடியத் திறந்தது நான்தானே" என்றான். நான் எம்சீல் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நான் அண்ணன்கிட்ட மூணு வாட்டி சொன்னேன் ஃபாதர்" என்றான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் அவ்வளவு நேரம் காத்திருந்தான் போலிருக்கிறது. நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அம்மா காபி கொண்டுவந்தார்கள்.

ஐந்தாம் நாள் லாரி வந்தது. ஆகஸ்ட் நடுவில் தம்பியும் வேலைக்குத் திரும்பினான். அவன் வந்த முதல் காலையில், தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது வண்டிக்கு அடியில் குனிந்து, அந்தத் துளையில் விரலை வைத்துப் பார்த்தான். எழுந்து வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஈரம் இல்ல ஃபாதர்" என்றான். ஓட்டுநர் இறங்கி வந்து, தானும் ஒரு தடவை குனிந்து பார்த்தார்.