சிறு கலத்திற் பெருங்கடல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட யாம் கடலோட்டத்தைப் பற்றிப் பேச எழுந்தது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். கையிற் பொருளில்லாத இளைஞன் ஒருவன் பாய்க்கலம் ஏறி உலகைச் சுற்றிவர இயலுமா என்று எம் மாணாக்கர் சிலர் எம்மை வினவினர். இயலாது என்று ஒரு சொல்லில் அவர் வாயை அடைத்தல் எளிது. ஆனால் அது பொய்யாகும். இயன்றிருக்கிறது, ஒருமுறையன்று, பலமுறை. எவ்வாறு இயன்றது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பனவற்றை ஈண்டு எடுத்துரைப்பாம்.

ஜான் கஸ்வெல் என்பார் 1930-இல் ஜெர்சித் தீவிற் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் அத்தீவைக் கைப்பற்றிய காலத்தில் அவர் குடும்பம் ஜெர்மனிக்குக் கொண்டு செல்லப்பட்டு முகாமில் அடைக்கப்பட்டது. போர் முடிந்த பின் அவர் தச்சுத் தொழில் பயின்றார். 1953-இல் கனடா நாடு சென்று விக்டோரியா நகரிற் கூலிக்கு வேலை செய்தார். உலகைச் சுற்றவேண்டும் என்னும் ஆசை அவர்க்கு இருந்தது. கலம் வாங்கப் பொருள் இல்லை. லாரன்ட் ஜைல்ஸ் என்னும் ஆங்கிலக் கப்பலமைப்பு வல்லுநரிடமிருந்து வரைபடம் பெற்றார். மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கும் கடையொன்றின் பின்புறமே அவர்க்குப் பட்டறையாயிற்று. பகலெல்லாம் பிறர்க்கு உழைத்து, மாலையிலும் விடுமுறை நாளிலும் தம் கலத்தை இழைத்தார். அதற்கு 'டிரெக்கா' என்று பெயரிட்டார். நீளம் இருபது அடிக்குச் சற்றே மிகுதி. நம் வீட்டுக் கூடம் சிலவற்றின் நீளம் அதனினும் பெரிது!

இத்துணைச் சிறிய கலம் எற்றுக்கு என்று கேட்பீர்கள். பொருளின்மை ஒரு காரணம். ஆயினும் அதனுள் ஒரு கணக்கும் அடங்கியுள்ளது. கலத்தின் வடிவம் மாறாது அளவு மட்டும் பெருகின், அதன் எடை நீளத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். நீளம் இருமடங்கானால் எடை எட்டு மடங்கு. பாயும் வடமும் நங்கூரமும் அதற்கேற்பப் பெருக்கும். வேகமோ அவ்வாறு ஏறுவதில்லை. நீர்மட்டத்து நீளத்தின் வர்க்கமூலத்தையே அது பின்பற்றும். 16 அடி நீளமுள்ள கலம் மணிக்கு ஐந்து கடல் மைலுக்குச் சற்று மேல் ஓடுமெனின், 36 அடிக் கலம் ஏறக்குறைய எட்டு மைல் ஓடும். வேகம் ஒன்றரை மடங்கு. எடையோ பதினொரு மடங்கு! செல்வர் அவ்வொன்றரை மடங்குக்கு விலை கொடுக்கட்டும். கால அவகாசம் உடைய இளைஞனுக்கு அது வேண்டாத செலவு.

கஸ்வெல் 1955 செப்டம்பரில் தனியே புறப்பட்டார். ஹவாய்த் தீவுகளைக் கடந்து நியூசிலாந்து சேர்ந்தார். அங்கே டிரெக்காவைக் கரையேற்றி வைத்துவிட்டு, ஸ்மீட்டன் என்னும் தம்பதிகளுக்குத் துணையாக, அவர்தம் 'ட்சூ ஹாங்' என்னும் பெரிய கலத்தில் தென்கடல் வழியாக ஹார்ன் முனை நோக்கிச் சென்றார். 1957 பிப்ரவரி 14-ஆம் நாள் பேரலை ஒன்று அக்கலத்தைப் பின்புறமிருந்து தூக்கித் தலைகீழாகப் புரட்டியது. சுக்கான் பிடித்திருந்த பெரில் அம்மையார் கடலில் எறியப்பட்டார். அவர் இடுப்பிற் கட்டிய கயிறு அறுந்தது. அவர் காயமுற்றும் நீந்திக் கலத்தை அடைந்தார். பாய்மரம் இரண்டும் முறிந்தன. மேற்றளத்து அறை பெயர்ந்துபோய், அவ்விடம் வாய்பிளந்து கிடக்க, கலத்தினுள் வெள்ளம் புகுந்தது.

அந்நிலையிற் பணம் என் செய்யும்? கலத்தில் ஒரு தச்சர் இருந்தார், அதுவே உதவிற்று. வாளியால் நீரிறைத்தனர். பலகையும் பாய்த்துணியும் கொண்டு கஸ்வெல் திறப்பை அடைத்தார். கிடைத்த மரத்துண்டுகளை இணைத்து மாற்றுப் பாய்மரம் நிறுவினார். இழந்த சுக்கானுக்கு ஈடாக நீண்ட துடுப்பொன்று செய்தார். மார்ச் மாதத்திற் சிலி நாட்டுக் கரையை அடைந்தனர். மூவரும் பிழைத்தனர். (நம் சங்கத்தில் மகன் உளி பிடித்தால் இழுக்கென்றும், எழுத்தர் வேலையே ஏற்றமென்றும் கருதும் தந்தையர் உளர். அவர்கள் இவ்விடத்தைச் சிறிது நேரம் நினைத்துப் பார்ப்பாராக.)

பின்னர் அவர் நியூசிலாந்து மீண்டு, டிரெக்காவை நீரில் இறக்கி, டாரஸ் நீரிணை, கோக்கோஸ் தீவுகள், தென்னாப்பிரிக்கா, பனாமாக் கால்வாய் வழியாக 1959 செப்டம்பரில் விக்டோரியா திரும்பினார். தென்கடற் கொந்தளிப்பை விடுத்து, வெப்ப மண்டலத்திற் கிழக்கினின்று மேற்கு நோக்கி வீசும் வாணிகக் காற்றை இவ்வழி பின்பற்றுகிறது. புயற்பருவத்தில் துறைமுகத்தில் தங்குதலும், அது கழிந்தபின் புறப்படுதலும் இதன் முறை. சிறு கலத்தார்க்கு இவ்விவேகம் வலிய இயந்திரத்தினும் பெருந்துணையாம்.

லின், லாரி பார்டி என்னும் தம்பதிகளும் இவ்வாறே. 24 அடிக்குச் சிறிது மிக்க 'செராஃபின்' என்னும் கலத்தைத் தம் கையாற் செய்து 1968-இற் கலிபோர்னியாவில் நீரில் இறக்கினர். அதில் இயந்திரமே இல்லை. வழியிற் பொருள் குறைந்தபோது பிறர் கலங்களைப் பழுதுபார்த்தும், அவற்றை ஓரூரிலிருந்து மற்றோரூர்க்குக் கொண்டு சேர்த்தும் ஈட்டினர். டானியா ஏபி என்னும் பெண்ணின் கதை வேறு. கல்லூரிக்குச் செல்கிறாயா, அப்பணத்திற்குக் கலம் வாங்கித் தரட்டுமா என்று தந்தை கேட்க, அவர் கலத்தைத் தேர்ந்து, 18 வயதில், 1985-இல் நியூயார்க்கினின்று தனியே புறப்பட்டு 1987-இல் மீண்டார். போதிய பயிற்சியின்றிப் புறப்பட்டு, வழியிலேயே பலவற்றைக் கற்றார். அவர் மீண்டது நன்றே. எனினும் அம்முறையை எம் மாணாக்கர்க்கு யாம் பரிந்துரையோம்.

இக்காலத்தில் நிலை சற்று வேறு. 1960, 1970-ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடி இழையாற் செய்த சிறு கலங்கள் பல இன்றும் உறுதி குன்றாதிருத்தலின், அந்நாடுகளிற் பழைய கலம் மலிவாகவே கிடைக்கும். மலிவைக் கண்டு மயங்கற்க. பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்கள் உள்ளே நைந்திருக்கும். பாய்கள் வெயிலில் இற்றிருக்கும். அவற்றை மாற்றும் செலவு கலத்தின் விலையையே மிஞ்சக்கூடும். ஆகலின் கையிலுள்ள பொருள் முழுவதையும் கலத்திற்கே கொடுத்தல் தகாது. மெத்தையிலும் அலங்காரத்திலும் சிக்கனம் செய்க. நங்கூரம், சங்கிலி, உயிர்காப்பு மிதவை, செயற்கைக்கோள் வழியாக அபாயம் அறிவிக்கும் கருவி ஆகியவற்றிற் சிக்கனம் செய்தல் தற்கொலையை ஒக்கும்.

கலம் வாங்குமுன் பிறர் கலத்திற் கடல் கடந்து பார்த்தல் இன்னும் நன்று. கனேரித் தீவுகளிலுள்ள லாஸ் பால்மாஸ் துறையில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்திற் பாய்க்கலங்கள் பல கூடும். அட்லாண்டிக் கடலின் புயற்பருவம் அப்போது கழியும். வாணிகக் காற்று நிலைபெறத் தொடங்கும். அங்கிருந்து கரீபியத் தீவுகளுக்கு ஏறக்குறைய 2,700 கடல் மைல். மூன்று வாரப் பயணம். இரவுக் காவலுக்கு ஆள் வேண்டுவோர் பலர் அக்கலங்களில் இருப்பர். உழைப்பே கூலியாக, உணவுச் செலவில் தம் பங்கை மட்டும் ஈந்து, இளைஞர் பலர் அவ்வாறு கடல் கடக்கின்றனர். ஏறுமுன் கலத்தலைவன் இயல்பையும் கலத்தின் நிலையையும் நன்கு விசாரித்தல் வேண்டும். கடல் நடுவில் இறங்கிப்போக வழியில்லை. மூன்று வாரம் நள்ளிரவிற் சுக்கான் பிடித்து, குமட்டலோடு சமைத்து, நனைந்த ஆடையோடு உறங்கிய பின்னும் ஆசை தணியாதவன், பிறகு தச்சுக் கருவிகளுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம்.