கயிறு பிடித்த கைகள்



சினிமாவைப் பற்றிய ஆவணப்படங்களுக்கு இப்போது பெரிய சந்தை. 2024-இல் மட்டும் சலீம்–ஜாவேத், ராஜமௌலி, நயன்தாரா பற்றியெல்லாம் ஓடிடி தளங்களில் படங்கள் வந்தன. ‘நானும் ரௌடிதான்’ படப்பிடிப்பில் எடுத்த சில நொடிக் காட்சியை நயன்தாரா ஆவணப்படத்தில் சேர்த்ததற்கு 10 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் போனது. திரைக்குப் பின்னால் நடந்ததற்கும் விலை வந்துவிட்டது.

மக்கள் ஏன் இவற்றை விரும்பிப் பார்க்கிறார்கள்? வம்பு கேட்கும் ஆசை ஓரளவுதான். ஒரு வேலை எப்படி நடக்கிறது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார் என்று அறியும் ஆவல்தான் பெரிது. முத்துக்குளித்துறையான இந்தத் தூத்துக்குடியில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முத்துமாலையை ஊர் உலகமெல்லாம் பார்த்தது. கல்லைப் பற்றிக்கொண்டு மூச்சடக்கி இறங்கியவரையும், வள்ளத்தில் நின்று கயிறு பிடித்தவரையும் இந்தக் கரைதான் பார்த்தது. கயிறு அசைந்த கணமே இழுத்தாக வேண்டும். அதனால்தான் மச்சானை நம்பிக் கயிற்றைக் கொடுத்தார்கள் என்பார்கள்.

நல்ல ஆவணப்படம் அந்தக் கையைக் காட்டும். நட்சத்திரப் பாடகர்களுக்குப் பின்னால் நின்று குரல் கொடுத்தவர்களைப் பற்றியது ‘ட்வென்டி ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்’ (2013), ஆஸ்கர் பெற்றது. நம் நாட்டில் ‘செல்லுலாய்ட் மேன்’ (2012). தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி.கே. நாயரைப் பற்றி சிவேந்திர சிங் துங்கர்பூர் எடுத்தது. எந்தப் படத்தின் எந்தக் காட்சி எத்தனையாவது ரீலில் இருக்கிறது என்று அந்த முதியவர் நினைவிலிருந்தே சொல்வார். நாட்டில் எடுத்த 1,700 ஊமைப்படங்களில் அவரால் மீட்க முடிந்தவை ஒன்பதுதான் என்று கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

இன்று வருபவற்றில் பல, நட்சத்திரத்தின் சம்மதத்தோடு அவர் வீட்டு வரவேற்பறையிலேயே உட்கார்ந்துவிடுகின்றன. கயிறு பிடித்தவர் அங்கே வருவதில்லை.

நம் ஊர்ப் பிள்ளைக்கு வருகிறேன். ஜோசப் பனிமயதாஸ் என்று பனிமய மாதாவின் பெயரைத் தாங்கி 1927-இல் இங்கே பிறந்தவர் ஜே.பி. சந்திரபாபு. தந்தை ரோட்ரிகஸ் ‘சுதந்திர வீரன்’ பத்திரிகை நடத்திய விடுதலைப் போராளி. அதற்கு விலையாகக் குடும்பம் கொழும்புக்குப் போக நேர்ந்தது. பிள்ளை அங்கேதான் வளர்ந்தார். ‘சபாஷ் மீனா’வில் (1958) இரட்டை வேடம். எலும்பே இல்லாததுபோல் வளையும் அந்த உடம்பும், யோடலிங் செய்யும் அந்தக் குரலும் தமிழ்த் திரைக்குப் புதிது. அவர் எடுத்த ‘மாடி வீட்டு ஏழை’ படம் பாதியில் நின்றது. 1974-இல் வறுமையில் இறந்தார்.

இவரைப் படமெடுக்க வருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கல்லறையில் தொடங்கிக் கண்ணீரில் முடிக்காதீர்கள்; அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அந்த ஆட்டத்தை எப்படிப் பழகினார், பின்னால் வாசித்தவர்கள் யார், ஒரு நகைச்சுவை நடிகனுக்குச் சம்பளம் எப்படிப் பேசினார்கள், பாதியில் நின்ற படத்தின் கடன் யார் தலையில் விழுந்தது? இவற்றைக் கேளுங்கள்.

சினிமாவுக்கு முந்தைய நாடக மேடையிடமும் இதையே கேட்க வேண்டும். நம் மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்கள் நடிக்கும் பாலர் சபாவைத் தொடங்கினார். பேசும் படத்துக்கு நடிகர்களைத் தந்தவை இப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனிகள். வீட்டை விட்டு வந்து வேடம் கட்டிய அந்தச் சிறுவர்களின் நாட்களும் நம் திரையுலகின் வரலாறுதான்.

அரசு இங்கே நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல். கண்ணால் கண்டவர்கள் இன்று வெகு சிலர். சினிமாவிலும் அதே நிலை. சார்லஸ் தியேட்டரில் படம் பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். அந்தக் காலத்து ஆபரேட்டரின் வேலை என்னவென்று பாருங்கள்: கார்பன் குச்சி எரிந்து குறையக் குறைய நகர்த்திக்கொடுக்க வேண்டும், திரையின் வலது மேல்மூலையில் புள்ளி விழுந்ததும் அடுத்த புரொஜெக்டரை ஓட்ட வேண்டும். கண் அசந்தால் திரை வெள்ளையாகிவிடும். இந்த மாவட்டத்தில் அந்த வேலை பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களே, உங்கள் கையில் உள்ள போனே போதும். இந்த விடுமுறையில் அவர்களைத் தேடிப் போய்ப் பேசவைத்துப் பதிவுசெய்யுங்கள். பெயர், ஊர், தியேட்டர், வாங்கிய சம்பளம் எல்லாம் அதில் இருக்கட்டும்.