காற்றுக்கு ஒடுங்கத் தெரிந்த சூரியத் தகடு



வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் சூரியத் தகடுகளை இன்று நீங்கள் பல இடங்களில் பார்க்கலாம். செராஸ் பக்கம் போனால் வீட்டுக் கூரைகளிலேயே காணலாம். இவற்றுள் பெரும்பாலானவை வைத்த இடத்தில் அசையாமல் இருப்பவை. வேறொரு வகையும் உண்டு. காலையில் கிழக்கே முகம் காட்டி, மாலையில் மேற்கே திரும்பி, நாள் முழுவதும் சூரியனைத் தொடர்ந்து போகும் தகடு அது. சூரியன் வானத்தில் ஒரு மணி நேரத்திற்கு 15 பாகை நகர்கிறது. ஒரு சிறிய மோட்டார் அந்த அளவுக்குத் தகட்டையும் திருப்பிக்கொண்டே இருக்கும். வானம் தெளிவாக இருக்கும் நாடுகளில் இதனால் ஏறக்குறைய 15 முதல் 25 விழுக்காடு வரை கூடுதல் மின்சாரம் கிடைக்கிறது.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்தத் தகட்டுக்கு ஒரு பகைவன் உண்டு. அவன்தான் காற்று. அதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

செராஸுக்கு அப்பால், உலு லங்காட் பக்கம், ஒரு தோட்டப் பள்ளியில் நான் பணியாற்றுகிறேன். பள்ளிக் காய்கறித் தோட்டத்திற்குத் தண்ணீர் இறைக்க, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் நானும் சேர்ந்து அப்படியொரு தகட்டை அமைத்தோம். ஓர் இரும்புக் குழாய், அதன் உச்சியில் இரண்டு சதுர மீட்டர் தகடு, திருப்புவதற்குப் பழைய கார் ஒன்றின் வைப்பர் மோட்டார், அவ்வளவுதான். நான்கு மாதம் நன்றாக ஓடியது. பிள்ளைகளுக்கு ஒரே பெருமை.

ஒரு நாள் விடியற்காலையில் சுமாத்ரா காற்று வீசியது. பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இந்தக் காற்றை நான் விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை உள்ள மாதங்களில், இரவில் மலாக்கா நீரிணையின் மேல் திரண்டு, நாம் வெட்டுக்குப் புறப்படும் வேளையில் கரையேறும் காற்றும் மழையும்தான் அது. காலை ஆறரைக்கு நான் பள்ளிக்குப் போனபோது குழாய் மட்டும் நின்றது. தகடு, பிள்ளைகள் வரும் நடைபாதையை ஒட்டிய கம்பி வேலியில் செருகிக் கிடந்தது. இன்னும் அரை மணி நேரம் கழித்து அது பறந்திருந்தால்? அதை நினைத்தால் இன்றும் என் கை நடுங்குகிறது.

அன்று வேலியை விலக்க உதவ வந்த முதியவர் ஒருவர், முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர், குழாயை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாத்தியாரே, தலை மட்டும் பெருத்து, தண்டு ஒல்லியா இருக்குற மரம் சுமாத்ராவுக்கு நிக்குமா?"

அவர் சொன்னதுதான் பொறியியலின் முதல் பாடம். விரிந்த தகடு என்பது ஒரு பாய்மரம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறக்குறைய 6 கிலோ பாரத்தோடு தள்ளுகிறது. அதுவே 72 கிலோமீட்டரானால் 25 கிலோ. நம் நாட்டில் கட்டடம் கட்டுகிறவர்கள் ஏறக்குறைய 120 கிலோமீட்டர் வேக வீச்சையும் கணக்கில் கொள்கிறார்கள். அப்போது எங்கள் ஒரே தகட்டின் மேல் 135 கிலோவுக்கு மேல் பாரம் விழும். வாட்டசாட்டமான இரண்டு ஆட்கள் ஏறி நிற்பதற்கு ஒப்பு!

அப்படியானால் பெரிய மின்நிலையங்களில் ஆயிரக்கணக்கான தகடுகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? அவை காற்றோடு மல்லுக்கு நிற்பதில்லை. நேரம் பார்த்து ஒடுங்கிக்கொள்கின்றன. கம்பத்தின் மேல் சுழலும் கிண்ணங்கள் காற்றின் வேகத்தை அளக்கும். குறித்த அளவைத் தாண்டியதும், சூரியன் எங்கிருந்தாலும் சரி, தகடுகள் பாதுகாப்பான நிலைக்குத் திரும்பிவிடும். திரும்பச் சில நிமிடங்கள் பிடிக்குமாதலால், புயல் வந்தபின் தொடங்கினால் பயனில்லை. மேற்கே கறுத்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிய நம் பெற்றோரைப் போல், முன்கூட்டியே தொடங்க வேண்டும். புயல் வேளையில் மின்சாரம் தடைப்படலாம். ஆகவே ஒடுங்குவதற்கென்றே தனி மின்கலமும் இருக்க வேண்டும்.

எது பாதுகாப்பான நிலை? தரைக்குச் சமமாகப் படுத்துக்கொள்வதுதான் என்று நினைப்போம். இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்காவில் டக்கோமா என்னும் இடத்தில் 1940ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு தொங்குபாலம் திறந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், மணிக்கு ஏறக்குறைய 64 கிலோமீட்டர் காற்றில் அது நாடா போல் முறுக்கி முறுக்கி ஆடி, கீழிருந்த கடல் நீரிணையில் விழுந்தது. காற்றின் பாரத்தால் அது முறியவில்லை. ஆட்டம் காற்றை மாற்ற, மாறிய காற்று ஆட்டத்தை வளர்க்க, அந்த முறுக்கலே பாலத்தை அழித்தது. ஒரே நீண்ட குழாயில் வரிசையாகக் கோத்த தகடுகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. நடுவில் மட்டும் மோட்டார் பிடித்திருந்தால், தட்டையாகக் கிடக்கும்போதே நுனிகள் முறுக்கிக்கொண்டு ஆடத் தொடங்கும். அதனால் சில அமைப்புகளில் தகடுகளைச் சாய்த்தே நிறுத்துகிறார்கள். சிலவற்றில் குழாயைப் பல இடங்களில் பூட்டுகிறார்கள்; மோட்டார் சைக்கிளில் இருக்கிறதே அப்சார்பர், அதைப் போன்ற அதிர்வுதாங்கிகளையும் வைக்கிறார்கள். காற்றை முதலில் வாங்கும் ஓரத்து வரிசைகளுக்குக் கூடுதல் வலுவுள்ள தூண்களை நடுகிறார்கள்.

அடுத்தது மிகச் சிறிய விஷயம், போல்ட்டும் நட்டும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா? நாள்தோறும் ஆடும் சிறு ஆட்டமே நட்டை மெல்ல மெல்லக் கழற்றிவிடும். எங்கள் தகடு பறந்ததற்கும் காரணம் அதுதான். நான்கு போல்ட்டுகளில் இரண்டு முன்னமே தளர்ந்திருந்தன. நான்கு மாதத்தில் ஒரு முறையாவது நான் ஏறிப் பார்க்கவில்லை. 2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியது. சேதமான சூரிய நிலையங்களை ஆராய்ந்தவர்களும் இதையே கண்டார்கள். இரண்டு தகடுகளுக்குப் பொதுவாக ஒரே பிடி போட்டிருந்த இடங்களில், ஒன்று கழன்றதும் பக்கத்துத் தகடும் கழன்றது; பின் வரிசையே போனது. தகட்டை ஊடுருவிப் போடும் போல்ட்டும், அதிர்ந்தாலும் கழலாத நட்டும் வேண்டும் என்றும், கடும் புயல் வீசும் வட்டாரங்களில் திரும்பும் தகடே வேண்டாம் என்றும் அவர்கள் கூறினார்கள்.

நம் நாட்டுக்குப் புயல் வராது என்று சிலர் சொல்வார்கள். 2001 டிசம்பர் 27ஆம் நாள் வாமெய் புயல் ஜொகூரில் கரையேறியதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

சரி, நம் வீட்டுக்குத் திரும்பும் தகடு தேவையா? தேவையில்லை என்பதே என் கருத்து. நம் வானத்தில் மேகம் அதிகம். மேகத்தில் சிதறிய ஒளி எல்லாப் பக்கமிருந்தும் வருவதால், சூரியனைத் துரத்துவதில் கிடைக்கும் ஆதாயம் இங்கே குறைவு. நண்பகலில் சூரியனும் நம் தலைக்கு மேல்தான் நிற்கிறது. கூரையோடு ஒட்டி, அசையாமல் பொருத்திய தகடே நமக்குப் போதும்.

தோட்டத்தை விட்டு நகரத்துக்குக் குடியேறிய குடும்பங்களை நாடித் தகடு விற்பவர்கள் வருவார்கள். விலையைக் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "பிடிகள் கூரைக்கு அடியில் உள்ள சட்டங்களில் பதிகின்றனவா, வெறும் ஓட்டிலோ தகரத்திலோ நிற்கின்றனவா? எவ்வளவு காற்றுக்குக் கணக்கிட்டீர்கள்? ஆண்டுக்கு ஒரு முறை வந்து போல்ட்டுகளை முடுக்குவீர்களா?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று, தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். காற்றில் விழுந்து உடைந்த தகட்டைப் பிள்ளைகள் தொடக்கூடாது. வெளிச்சம் படும் வரை உடைந்த தகட்டிலும் மின்சாரம் இருக்கும்.

எங்கள் பள்ளியில் இப்போது மீண்டும் ஒரு தகடு இருக்கிறது. அது திரும்பாது. கிணற்றடியில், தாழ்வாக, நான்கு கால்களில் நிற்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை இரண்டு பிள்ளைகள் ஸ்பேனரோடு வந்து நிற்பார்கள். நட்டுகளைச் சோதித்து, ஏட்டில் எழுதி, என்னிடம் கையொப்பம் வாங்கிய பிறகே வகுப்புக்குப் போவார்கள்.