வைப்பாறு போய்ச் சேருமிடம்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில், சிவகிரியில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, நம்மையெல்லாம் ஆளாக்கிவிட்ட ஆசிரியப் பெருமக்களே, என்னோடு விடுதிச் சாம்பாரைச் சாப்பிட்டும் உயிரோடு இருக்கிற அருமை நண்பர்களே, அவர்களைச் சகித்துக்கொண்டு வாழும் குடும்பத்தினரே!

செயலாளர் போனில் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் பேசணும், தலைப்பு உன் இஷ்டம்" என்றார். "கடற்கரையைக் காக்கும் ஊர்க் குழுக்கள்" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "ஏப்பா, கூட்டம் நடக்கப்போறது சிவகிரியில. மேற்கே திரும்பினா மலைதான் தெரியுது. இங்க வந்து கடலைப் பத்திப் பேசுனா யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

இந்த மலைச் சரிவில் பெய்கிற மழை எங்கே போகிறது? குளம் குளமாக நிறைந்து மறுகால் பாய்ந்து, ஓடைகளோடு சேர்ந்து, சாத்தூர் வழியாக வைப்பாறாகப் போகிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் வைப்பாறு என்ற ஊரையும் சிப்பிகுளத்தையும் ஒட்டி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடந்தாலும் ஆறு ஆறுதான். நம்ம ஊருக்குக் கடல் இல்லை என்று சொல்லலாம். கடலோடு சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியாது.

இது எனக்குப் புத்தகம் படித்துத் தெரிந்த விஷயமில்லை. சுனாமி வந்த 2004-ஆம் வருஷத்தை ஒட்டிச் சில ஆண்டுகள் நான் அந்தக் கரையோரத்தில் வங்கி வேலையில் இருந்தேன். ஊர்க் குழுக்களுக்குக் கணக்குத் திறப்பது, சிறுகடன் கொடுப்பது, தவணை கேட்டுப் போவது என் வேலை. முதல் நாள் ஒரு பெரியவர் கேட்டார்: "சாருக்கு எந்த ஊரு?" சிவகிரி என்றேன். "அப்போ நம்ம ஆத்துக்காரவுகதான். ஆத்துல வாற உங்க ஊர்க் குப்பையத்தான் நாங்க வலையில எடுத்துக்கிட்டு இருக்கோம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் கரையை ஒட்டி 21 தீவுகள் வரிசையாக உண்டு. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். மீனவர்கள் 'பார்' என்பார்கள். மீன் குஞ்சு பொரிப்பதும் ஒதுங்குவதும் அங்கேதான். அலையின் வேகத்தைத் தடுத்துக் கரையைக் காப்பதும் அந்தப் பார்தான். வேம்பாரை ஒட்டிய இரண்டு தீவுகளின் பெயரைக் கேளுங்கள்: நல்லதண்ணித்தீவு, உப்புத்தண்ணித்தீவு. எந்தத் தீவில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கும் என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்த ஜனங்கள் அவர்கள். அந்தத் தீவுகளை முதலில் கணக்கெடுத்தவர்கள் சர்க்கார் அதிகாரிகள் அல்ல.

அதே கரையில்தான் பல பத்தாண்டுகள் பவளக்கல்லை வெட்டி வள்ளம் வள்ளமாக ஏற்றினார்கள். சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் போயிற்று. பார் போனால் அலை நேரே தீவின்மேல் மோதும், மணல் கரையும். தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குச்சல்லித் தீவும், கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டித் தீவும் இன்று தண்ணீருக்குள். வான் தீவு 1986-ல் சுமார் 16 ஹெக்டேர் இருந்தது. முப்பது வருஷத்துக்குள் 2 ஹெக்டேருக்கும் கீழே வந்துவிட்டது. காரியாசல்லித் தீவு 1969-ல் சுமார் 20 ஹெக்டேர். இன்று அதில் கால்பங்கு கூட இல்லை.

இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்க ஐயா கட்டின வீட்டுச் சுவரைத் தடவித் தடவிக் காட்டி, "தூத்துக்குடிச் சுண்ணாம்புலே, கண்ணாடி மாதிரி இருக்கு பாரு" என்று பெருமைப்படுவார். அது சிப்பியைச் சுட்டதா, பவளக்கல்லைச் சுட்டதா, எந்தக் காளவாசலில் இருந்து வந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கல்லை எடுத்தவன் மீனவன் என்று சொல்லி நாம் கை கழுவ முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். வாங்கினவன் இருந்ததால்தானே அவன் எடுத்தான்?

சட்டம் வராமல் இல்லை. 1986-ல் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 560 சதுர கிலோமீட்டர். 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2001-ல் பவளப்பாறையும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போயின. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு பவளத்துக்கும். காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் கரையில் நடந்தது என்ன? பாட்டன் காலத்திலிருந்து காற்றுக்கு ஒதுங்கிய தீவில் காலை வைத்தால் குற்றம் என்றாகிவிட்டது. பாசி எடுத்துப் பிழைத்த பெண்களைப் பிடித்தார்கள். கடலைக் காக்க வந்த சட்டத்தைக் கடல்காரன் பகையாகப் பார்த்தான். ராத்திரியில் அத்தனை தூரக் கடலை எத்தனை காவலர்கள் பார்த்துவிட முடியும்?

அப்புறம்தான் வழி மாறியது. 2000-ல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை ஏற்பட்டது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 2002-லிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட கடலோரக் கிராமங்களில் கடல்வளப் பாதுகாப்புக் குழுக்கள் அமைந்தன. ஆணும் பெண்ணும் உறுப்பினர்கள். சுழல்நிதி கொடுத்து வேறு தொழிலுக்கும் வழி காட்டினார்கள். உள்ளூர் ஆட்களையே கண்காணிப்பாளர்களாக வைத்தார்கள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கரையில் பேச்சும் மாறியது. இலங்கை குறுக்கே இருந்ததால் அந்தப் பக்கம் அடி குறைவு என்று படித்தவர்கள் சொன்னார்கள். "தீவும் பாரும் இருந்ததால பொழச்சோம்" என்றார்கள் மீனவர்கள். இரண்டிலும் உண்மை உண்டு. அதற்கடுத்த வருஷம் பவளக்கல் வெட்டு நின்றது. சட்டம் பாதி நிறுத்தியது, பயம் பாதி நிறுத்தியது.

எல்லாக் குழுவும் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்ததில் சில குழுக்கள் கடன் வாங்கும் நாளில் மட்டும் உயிரோடிருந்தன. கூட்ட நோட்டில் எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே ஆள் போட்டதாக இருக்கும். வங்கிக்காரன் கண்ணுக்கு அது தப்பாது.

ஆனால் ஒரு ஊர்க் குழுவின் நோட்டை மட்டும் மறக்கவே முடியாது. நாற்பது பக்க நோட்டு. தேதி, என்ன காற்று, வெளியூர் வள்ளம் எது வந்தது, கரையில் செத்து ஒதுங்கிய ஆமை எத்தனை, எந்த இடத்தில், உடம்பில் என்ன காயம்: எல்லாம் பென்சிலில் எழுதியிருந்தது. ஒரு பக்கத்தில், ஊர் விலக்கி வைத்த பார்மேல் வலை இழுத்த வள்ளம் ஒன்றின் பெயரும் அபராதமும் இருந்தன. வள்ளம் தலைவருடைய தம்பி மகனுடையது. "சொந்தப் பிள்ளை பேரை எழுதியிருக்கீங்களே" என்று கேட்டேன். தலைவர் சொன்னார்: "வீட்ல மூணு மாசம் யாரும் எங்கூடப் பேசல சார். தம்பி இன்னும் பேசல. ஆனா இந்தப் பேரை விட்டுட்டா, நாளைக்கு அடுத்தவன் பேரை எழுத எனக்கு என்ன யோக்கியதை?"

நண்பர்களே, காவல் என்றால் இதுதான் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. தம்பி உறவு போனாலும் பரவாயில்லை என்று ஒரு மனுஷன் பென்சிலைக் கீழே வைக்காமல் இருந்தான். அதற்குச் சம்பளம் கிடையாது, பதக்கமும் கிடையாது.

பெண்களின் கதை இன்னும் பெரியது. பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்களுக்குத் தலைமை தாங்கியவர் லட்சுமி மூர்த்தி. ஏழு வயதில் கடலில் மூழ்கப் பழகியவர். அந்தப் பெண்கள் தாங்களாகவே கூடி ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, பாறையை இரும்பால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது. மாதம் 18 நாள் வருமானத்தை விட்டுக்கொடுப்பது அன்றாடம் காய்ச்சிக்குச் சின்ன விஷயமா? நம்மில் யாராவது 18 நாள் சம்பளம் வேண்டாம் என்று சொல்வோமா? விட்டு வைத்தால்தான் பாசி மறுபடி வளரும், வளர்ந்தால்தான் மகளுக்கும் பிழைப்பு உண்டு என்பது அவர்கள் கணக்கு. "எங்களை விரட்டாதீங்க, நாங்களே காக்கிறோம்" என்று கேட்கும் உரிமையும் அந்தக் கட்டுப்பாட்டில்தான் வந்தது. 2015-ல் அவருக்கு அமெரிக்காவிலிருந்து சீகாலஜி பரிசு கிடைத்தது. தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குக் கொடுக்கும் பரிசு அது.

கல்லூரிக்காரர்கள் கூடியிருக்கிற இடம் என்பதால் இன்னும் இரண்டு சேதி. பிலிப்பைன்ஸில் ஆப்போ என்று ஒரு சின்னத் தீவு. மீன் குறைந்துவிட்டது. சில்லிமான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியராக இருந்த ஏஞ்சல் அல்காலா அந்த ஊர்க்காரர்களோடு பல வருஷம் பேசிப் பேசி, கரையை ஒட்டி ஒரு சிறு பகுதியில் மட்டும் மீன் பிடிக்காமல் விட 1982-ல் சம்மதிக்க வைத்தார். காவல் முழுக்க ஊராரே. அங்கே பெருகிய மீன் வெளியேயும் வந்து வலையில் விழுந்தது. உலகம் முழுக்க இன்று அதைப் பாடமாகச் சொல்கிறார்கள். சென்னையிலோ, 1988-லிருந்து மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றை நடத்துகிறார்கள். ஜனவரி முதல் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நள்ளிரவில் மணலில் நடந்து, ஆமை முட்டைகளை எடுத்துப் பத்திரமாகப் புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். அதையும் விடாமல் எழுதி வைக்கிறார்கள்.

மன்னார் வளைகுடாவுக்கு வந்த ஐ.நா. உதவி 2012-ல் முடிந்தது. பணத்துக்காகக் கூடின குழு பணத்தோடு கலைந்திருக்கும்; அதில் ஆச்சரியம் இல்லை. தன் பிழைப்புக்காகக் கூடினது நிற்கும். நமக்கு இது புதுசா? நம்ம குளத்துக்கு நீர்பாய்ச்சி இருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அவருக்குக் களத்தில் நெல் அளந்தோம். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பது அவர் வைத்ததுதான் சட்டம். பெரிய பண்ணையாரும் எதிர்த்துப் பேச முடியாது. குளம் 'சர்க்கார் குளம்' என்று ஆனதும் நாம் என்ன செய்தோம்? "அதைப் பார்க்க ஆள் இருக்கு" என்று வீட்டுக்கு வந்துவிட்டோம். மடை தூர்ந்துபோனதை இன்றைக்கு யார் எழுதி வைக்கிறார்கள்?

ஊர்க் குழு எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2010-லும் 2016-லும் கடல் தண்ணீர் சூடேறிப் பவளம் வெளுத்துச் செத்தபோது நோட்டும் பென்சிலும் என்ன செய்யும்? வான் தீவின் முன்னால் செயற்கைப் பார்களை இறக்க அரசும் தூத்துக்குடி ஆராய்ச்சிக்காரர்களும் வேண்டியிருந்தது. இறக்கிய பிறகுதான் தீவு கரைவது நின்று மணல் சேர ஆரம்பித்தது. பெரிய காரியத்துக்குப் பெரிய கை வேண்டும். ஆனால் தினமும் பார்க்கிற கண் உள்ளூர்க் கண்ணாகத்தான் இருக்க முடியும்.

கடைசியாக, வந்த வேலை. 1986-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் கரையில் சிலர் குப்பை பொறுக்கத் தொடங்கினார்கள். பொறுக்கியதோடு விடாமல், என்னென்ன குப்பை, எத்தனை என்று தாளில் எண்ணி எழுதினார்கள். அதுதான் இன்று உலகம் முழுக்கச் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை நடக்கிற கடற்கரைத் துப்புரவு நாள். எண்ணி எழுதியதால்தான் எந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது என்று கேட்க முடிந்தது.

நாமும் எண்ணுவோம். மாதம் ஒரு ஞாயிறு, காலையில் ஒரு மணி நேரம். நம்ம ஓடை, மறுகால், பாலம் இவற்றில் ஒரே ஒரு இடம். அங்கே கிடக்கும் பாட்டில், பை, பழைய செருப்பு, பூச்சிமருந்து டப்பா எத்தனை என்று எண்ணி, எழுதி, அள்ள வேண்டும். பூச்சிமருந்து டப்பாவைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். மழைக்கு முன்னால் அள்ளினால் அது சிப்பிகுளத்து வலைக்குப் போகாது. நம்ம தோட்டத்து டப்பாவும் அதில் இருக்கலாம். அதையும் சேர்த்தே எழுத வேண்டும். தம்பி மகன் பேரை எழுதினாரே அந்தத் தலைவர், அது மாதிரி.

நோட்டு வாங்கி வந்திருக்கிறேன். இதோ மேஜைமேல் இருக்கிறது. முதல் பக்கத்தில் போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் பேரனும் எண்ணியதை எழுதியிருக்கிறேன். எங்கள் தெருமுனை ஓடையில் ஒரு மணி நேரத்தில் 214. அதில் என் வீட்டுப் பால் பாக்கெட் மூன்று. பேரன்தான் கண்டுபிடித்தான்.

சாப்பாட்டுக்குப் போகிற வழியில் பெயர் கொடுங்கள். பன்னிரண்டு பேர் போதும், மாதத்துக்கு ஒருவர் பொறுப்பு. செயலாளர் அவர்களே, கடலைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது என்று கேட்டீர்கள். முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.