பூட்டிய கதவும் பூனையின் ஹக்கும்

 

சென்ற வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், பாமன்கடையில் உறவினர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். அந்தத் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில், பூட்டியிருந்த கதவொன்றின் பின்னால் பூனையொன்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. வீட்டார் ஊருக்குப் போய் இரண்டு நாட்களாகின்றன என்றும், தட்டு நிறையச் சோறும் மீனும் வைத்துவிட்டே போனார்கள் என்றும் அயலவர் சொன்னார். கொழும்பு வெக்கையில் அந்தச் சோறு முதல் நாள் மாலையே புளித்திருக்கும். அவர்கள் ஈரமற்றவர்கள் அல்லர். அதே பூனையை மடியில் வைத்துக் கொஞ்சுகின்றவர்கள்தாம்.

பூனையை அடைத்து வைத்ததற்காகத் தண்டனைக்குள்ளான பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாமெல்லோரும் மத்ரஸாவிலே கேட்டிருக்கின்றோம். இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் அது பதிவாகியுள்ளது. அவள் மீதான குற்றம் இரண்டு பகுதிகளைக் கொண்டது: அடைத்து வைத்து உணவும் நீரும் கொடுக்கவில்லை, பூமியிலுள்ள சிறு பிராணிகளைத் தேடித் தின்ன அவிழ்த்தும் விடவில்லை. நம் உம்மாமார் வளர்த்த பூனைகளுக்கு இந்த இரண்டாவது வழி எப்போதும் திறந்தே இருந்தது. குசினி வாசலில் மீன் தலையைத் தின்றுவிட்டு, வளவுக்குள் எலி பிடிக்கப் போய்விடும். தொடர்மாடி வீட்டுப் பூனைக்கு வளவு ஏது? ஒரு சொட்டுத் தண்ணீரும் நம் கையாலேதான் அதற்குக் கிடைக்க வேண்டும். ஆகவே அந்த ஹதீஸின் பாரம் நம் மீது இன்னும் கூடுதலாகவே இறங்குகின்றது.

பூனை இறைச்சியை உண்டு வாழும் பிராணி. டோரின் எனும் சத்து அதற்கு இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்துமே கிடைக்கின்றது. அது குறைந்தால் கண்ணும் இதயமும் பழுதுபடும். மீன் குழம்பு பிசைந்த சோறு வயிற்றை நிரப்புமேயன்றி, உடலைக் காக்காது. அந்தக் குழம்பிலுள்ள வெங்காயமும் உள்ளியும் அதன் இரத்தத்தையே கெடுப்பவை. உப்பும் உறைப்புமின்றி அவித்து எலும்பு நீக்கிய கோழியைக் கொடுக்கலாம். ஆனால் அன்றாட ஆகாரமாகப் பூனைக்கென்றே தயாரித்த முழுமையான உணவுதான் பாதுகாப்பானது. பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு வயிற்றோட்டத்தையே தரும். அதற்கு வேண்டியது நாள்தோறும் மாற்றிய சுத்தமான தண்ணீர்.

பெற்றோர்களே, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்: காய்ச்சல் என்று நினைத்துப் பூனைக்குப் பனடோல் கொடுக்காதீர்கள். ஒரேயொரு மாத்திரை அதன் உயிரைப் போக்கிவிடக்கூடும். ஆண் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் முக்கினால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். விசர்நோய்த் தடுப்பூசியை வருடந்தோறும் போடுங்கள்.

மணல் தட்டை நாளாந்தம் சுத்தம் செய்ய வேண்டும். பூனையின் மலத்தில் வரக்கூடிய டொக்ஸோபிளாஸ்மா கிருமி ஒரு நாளேனும் கழிந்த பின்னரே தொற்றும் நிலையை அடைகின்றது. கர்ப்பிணித் தாய்மார் அந்த வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பது நன்று. வுழூச் செய்யவிருந்த தண்ணீரைப் பூனை குடிப்பதற்காக அபூ கதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததையும், பூனை நஜீஸ் அல்ல, நம்மைச் சுற்றித் திரிபவற்றுள் ஒன்றே என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னதையும் கப்ஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். ஆனால் அதன் மலசலம் நஜீஸ்தான். தட்டைத் தொழும் இடத்திலிருந்து தள்ளியே வையுங்கள். (நபியவர்கள் பூனையை எழுப்பாதிருக்க அங்கியின் கையை வெட்டினார்கள் என்று பரவலாகப் பேசப்படும் கதைக்கு ஆதாரபூர்வமான ஹதீஸ் கிரந்தங்களில் இடமில்லை. அபூ கதாதாவின் பாத்திரம் நமக்குப் போதுமானது.)

இளைஞர்களே! பரீட்சையில் சித்தியடைந்ததற்காக வாப்பாவிடம் பேர்ஷியன் குட்டி கேட்பீர்கள். இரண்டு மாதத்தில் மணல் தட்டு உம்மாவின் வேலையாகிவிடும். பின்னர் ஒரு நாள் அந்தப் பூனை வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் விடப்படும். “அவிழ்த்துவிடத்தானே ஹதீஸ் சொல்கின்றது” என்று ஒரு தம்பி என்னிடமே வாதாடினார். பூமியில் தேடித் தின்னத் தெரிந்த பூனைக்குத்தான் அது விடுதலை. குட்டியிலிருந்து வீட்டுக்குள்ளேயே வளர்ந்ததற்கு வேட்டையும் தெரியாது, வீதியும் தெரியாது. வளர்க்க இயலாவிட்டால் பொறுப்பேற்கக்கூடிய ஒருவரைத் தேடி, அவர் கையிலே கொடுங்கள்.

மூன்றாம் மாடிக்கு வருவோம். அயலவர் தொலைபேசியில் அழைத்ததும் வீட்டார் அன்றிரவே திரும்பினார்கள். பூனை வற்றிய தண்ணீர்க் கோப்பையின் அருகே படுத்திருந்ததாம். அடுத்த நோன்புப் பெருநாளுக்கு அவர்கள் ஊருக்குப் போனபோது, வீட்டுச் சாவி அயலவரிடம் இருந்தது. அவருடைய மகள் காலையும் மாலையும் போய் உணவு வைத்து, தண்ணீர் மாற்றி, தட்டைச் சுத்தம் செய்துவிட்டு வந்தாள்.